பறித்தவள் முதலில் சாப்பிட வேண்டும்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் காளானுக்கு ஒரு சட்டம் உண்டு. யார் பறித்து வந்தாரோ அவர்தான் முதலில் சாப்பிட வேண்டும். மற்றவர்கள் அடுத்த வேளை வரை பொறுக்க வேண்டும். பறித்தவர் மத்தியானம் சாப்பிட்டால் வீட்டில் மற்றவர்களுக்கு ராத்திரிச் சோற்றுக்குத்தான் காளான். அதற்குள் பறித்தவரின் வயிறு ஒன்றும் செய்யவில்லையென்றால் சட்டி எல்லோருக்கும் பொது. பீர்மேட்டுப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா காளானோடு வரும் நாட்களில் பிள்ளைகள் நாங்கள் அவர் எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். "ஒண்ணும் செய்யலையேப்பா, நாங்க சாப்பிடட்டுமா?" என்று அவர் கை கழுவும் முன்பே கேட்போம். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமெல்லாம் இல்லை. பசி.

என் வீட்டுக்காரர் இந்தச் சட்டத்துக்கு ஒருநாளும் கட்டுப்பட்டதில்லை. அவர் நல்லேப்பிள்ளிக்காரர். நெல் விளைகிற ஊர். வரப்பைத் தாண்டிய மேட்டில் ஏறிப் பழகாதவர். எங்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்து, என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். கல்யாணமான முதல் மழைக்காலத்தில் நான் பறித்து வந்து வைத்த காளானை, நான் வாயில் வைக்கும் முன்பே சட்டியில் கையை விட்டு எடுத்துத் தின்றுவிட்டார். நான் பதறிப்போய்த் திட்டினேன்.

"உங்க ஊட்டுச் சட்டமெல்லாம் எனக்கெதுக்கு அம்மிணி? நீ குடுத்தா மண்ணையும் திம்பேன்" என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான். நான் திட்டுவேன், அவர் தின்பார். வெளியே திட்டினாலும் உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு கர்வம் என்று எனக்குத்தான் தெரியும். மழைக்காலம் வந்தால் பக்கத்து லயத்திலிருந்தெல்லாம் காளானை முந்தானையில் போட்டுக்கொண்டு என் வாசலுக்குத்தான் வருவார்கள். "யக்கா, இது திங்கலாமா பாருங்க" என்பார்கள். நான் தையல் மெஷினிலிருந்து எழுந்திருக்காமலே, தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். எழுந்து போய்ப் பார்த்தால் என் கௌரவம் என்ன ஆவது?

உண்மையில் அது பெரிய வித்தையும் இல்லை. நாங்கள் தேடுவது புற்றுக்காளான். ஐப்பசியில், துலாமாசத்து இடி இடித்த மறுநாள் கறையான் புற்று இருக்கும் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். நடுவில் கூராக ஒரு முனை இருக்கும். தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டி இழுத்தால் எலிவால் மாதிரி நீளமான வேர் கூடவே வரும். அந்த வேர்தான் அத்தாட்சி. தண்டில் மோதிரம் போட்ட மாதிரி வளையம் இருந்து, வேர் இல்லாமல் புல்லில் சும்மா நின்றால் அது நாய்க்குடை. இளசாக இருக்கும்போது அதன் அடிப்பக்கமும் வெள்ளையாகத்தான் இருக்கும். முற்றினால் பச்சை இறங்கும். அதனால் நாங்கள் காளானை ஒருநாளும் ஒடித்துப் பறிப்பதில்லை. வேரோடு கொண்டுவந்து, முறத்தில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் வேரைக் கிள்ளுவோம்.

என் பைத்தியம் காளான் என்றால் அவருடைய பைத்தியம் கல். பள்ளிப் பிள்ளைகளை அரியலூர்ப் பக்கம் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனவர், சுருண்ட நத்தை மாதிரி ஒரு கல்லோடு திரும்பி வந்தார். அது கடலாக இருந்த காலத்து உயிராம், கல்லாகிவிட்டதாம். அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். அதோடு நின்றிருந்தால் நல்லது. நம் மலையிலும் ஃபாசில் இருக்கும், தேடத்தான் ஆளில்லை என்று கிளம்பிவிட்டார். இந்த மலைப் பாறையெல்லாம் மரமும் நத்தையும் தோன்றுவதற்கு முந்தியது, இதில் ஒன்றும் கிடைக்காது என்று காலேஜில் பாடம் எடுக்கிற அவருடைய சிநேகிதரே சொல்லியும் பார்த்தார்.

"அத்தனை வருசத்துல ஒரு எலையாச்சும் உளுந்திருக்காதா?" என்று இவர் திருப்பிக் கேட்டார். 

ஓய்வு பெற்ற பிறகு இது முற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தையல் லீவு. அன்றைக்கு இருவரும் விடியற்காலை கிளம்பி, மூடிப்போன தோட்டத்தின் வழியாகப் புல்மேட்டுக்கு ஏறுவோம். அங்கே தேயிலைச் செடி கவாத்து இல்லாமல் மரமாக வளர்ந்து நிற்கும். நான் தரையைப் பார்த்து நடப்பேன், அவர் பாறையைப் பார்த்து நடப்பார். என் கையில் துணிப்பை, அவர் முதுகில் எங்கள் பையன் படித்த காலத்துப் பள்ளிக்கூடப் பை, அதற்குள் சுத்தியலும் உளியும். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த நடைகளைப்போல வேறெதுவும் எங்கள் இருவருக்கும் வாய்த்ததில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சஷ்டி விரதத்துக்கு நடுவில் ஒரு ஞாயிறு வந்தது. அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த வருஷத்திலிருந்து அவருக்காக நான் எடுக்கிற விரதம் அது. பாலும் பழமும்தான். காளான் எங்கள் வீட்டில் கவுச்சிக் கணக்கு, விரதத்தில் தொடக்கூட மாட்டேன். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் மலை அதிர அதிர இடி இடித்திருந்தது. அப்படி இடித்த மறுநாள் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. போய்ப் பார்ப்பது மட்டும்தான், பறிப்பதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

தேயிலைக் காட்டுக்குள் புற்றடியில் வெள்ளை வெள்ளையாக விரித்துப் போட்ட மாதிரி பூத்திருந்தது. குனிந்த இடத்திலேயே பை பாதி நிறைந்தது. ஒவ்வொன்றையும் வேரோடுதான் எடுத்தேன். அவரும் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார். மழைத் தண்ணீர் அரித்த ஓர் ஓடைக் கரையில் தட்டைத் தட்டையாகக் கல் பெயர்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டார். தட்டைக் கல் என்றால் அவருக்குப் புத்தகம் கிடைத்த மாதிரி. இரண்டு பலகைக்கு நடுவில்தான் இலை பதிந்திருக்கும் என்பது அவருடைய சித்தாந்தம்.

பழைய துரை பங்களா இடிந்து கிடக்கிற மேட்டுக்கு வந்தபோது வானம் மறுபடி கறுத்தது. பங்களா முற்றத்துப் புல்லில் பெரிய பெரிய காளான் சில நின்றன. நான் குனிந்தேன். அதே நேரத்தில் அவர் கீழேயிருந்து கத்தினார்.

"அம்மிணி! ஓடியா இங்க! கோடு கோடா என்னமோ இருக்குது பாரு!"

"மழை வருது, கல்லப் போட்டுட்டு வாங்க!" என்று திரும்பிப் பார்த்துக் கத்திக்கொண்டே என் கை அவற்றைப் பறித்துவிட்டது. வேர் வரவில்லை என்பது கைக்குத் தெரிந்தது. திருப்பிப் பார்த்தேன், அடி வெள்ளை. வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டேன். நான் இன்றைக்கும் மனசால் திரும்பிப் போய் நிற்கிற இடம் அந்தப் பங்களா முற்றம்தான்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. துணிப்பை நனைந்து கனத்தது. அவர் என் பையை வாங்கி, காளானையெல்லாம் தன் முதுகுப் பைக்குள் கொட்டி, ஜிப்பை இழுத்து மூடினார். உள்ளே அடியிலும் கல், மேலேயும் கல். சறுக்கிக்கொண்டும் ஓடிக்கொண்டும் வீடு வந்து சேர்ந்து பையைத் திறந்து பார்த்தால் காளான் எல்லாம் நசுங்கிக் கிடந்தது. குடை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம். எந்த வேர் எந்தத் தண்டுக்கு, எந்தத் தண்டு எந்தக் குடைக்கு என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

கொட்டியிருக்க வேண்டும். என் வாசலுக்கு யாராவது அப்படி ஒரு கூழைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், "மூளை இருக்கா உனக்கு? கொண்டுபோய்க் குழியில போடு" என்று விரட்டியிருப்பேன். ஆனால் அந்த வருஷத்து முதல் காளான். நனைந்து நடுங்கிக்கொண்டு, ஈரத் துண்டோடு அடுப்பங்கரை வாசலில் நின்று "என்ன அம்மிணி, தேறுமா?" என்று அவர் கேட்கிறார். அதைவிட, எனக்குத் தெரியாததா என்கிற திமிர். மோந்து பார்த்தேன். மண் வாசம் வந்தது. கொஞ்சத்தைப் பொறுக்கி எறிந்தேன், மிச்சத்தை மஞ்சள் தண்ணீரில் போட்டேன். விஷமாக இருந்தால் நிறம் மாறும் என்பார்கள். மாறவில்லை. அதை நம்பிக் காளான் சமைக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறவளே நான்தான்.

விரத அடுப்பில் கூடாதென்று வெளியடுப்பை மூட்டி, சின்ன வெங்காயமும் மிளகும் தேங்காயும் போட்டு வதக்கி இறக்கினேன். அவர் தட்டோடு வந்து உட்கார்ந்தார். எனக்கு ஒரு நிமிஷம் கை வரவில்லை.

"பொறுங்க. இன்னிக்கு நான் முதல்ல சாப்பிட முடியாது. விரதம்லா?"

"விரதம் முடியறதுக்குள்ள இது புளுத்துப் போயிரும். உங்க ஊட்டுச் சட்டத்துக்கு ஒரு நாளைக்கு லீவு உடு."

"நீங்க என்னிக்கு அதுக்கு வேலை குடுத்தீங்க, லீவு விட?" என்று சிரித்துக்கொண்டே அகப்பையால் அள்ளிப் போட்டேன். இன்னும் கொஞ்சம் என்றார். அதையும் போட்டேன்.

சாயங்கால டீத் தண்ணி கொதிக்கும்போது அவருக்கு வாந்தி ஆரம்பித்தது. முதலில் மழையில் நனைந்ததால் என்று நினைத்தோம். பிறகு வயிற்றாலும் போக ஆரம்பித்து, நிற்கவே இல்லை. கை கால் இழுத்துக்கொண்டது. பக்கத்து லயத்து ஜீப்பில் ஏற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை என் தோளில் வந்து விழுந்தது.  முருகா, முருகா என்றேன். அவருக்காகப் பட்டினி கிடந்துகொண்டே அவருக்கு இதை அள்ளிப் போட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது, பாதியில் அந்தப் பெயரைச் சொல்லவும் வாய் கூசியது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். காளான் என்றேன். காட்டில் பறித்ததா, கடையில் வாங்கியதா என்று மலையாளத்தில் நிதானமாகக் கேட்டார். காட்டுக் கூண் என்றால் ரத்தத்தில் வேறு சிலது பார்க்க வேண்டும், அதற்காகக் கேட்கிறேன் என்று காரணத்தையும் சொன்னார்.

அடுத்த கட்டிலில், காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் என் வாசலில் காளானோடு வந்து நின்றவள். அவள் காதைத் தீட்டிக்கொண்டு எங்களையே பார்த்தாள்.

"கடையில வாங்கின பாக்கெட்" என்றேன்.

டாக்டர் அவரைப் பார்த்தார். ஊசி குத்தின கையோடு படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

என்னை நான் எவ்வளவோ திட்டிப் பார்த்துவிட்டேன். பறித்ததையும் சமைத்ததையும் ஏமாந்த கணக்கில் எழுதலாம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது? காரணத்தைச் சொல்லிக் கேட்ட பிறகும் சொன்ன பொய். அவருடைய உயிரைவிட அடுத்த கட்டில்காரி என்ன நினைப்பாள் என்பது அந்த ஒரு நொடியில் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

பொய் ஒன்றோடு நிற்கவில்லை. நல்லேப்பிள்ளியிலிருந்து அவருடைய அக்கா போன் செய்தார்கள். எடுத்ததும், "ஏனம்மிணி, அவனுக்கு என்னத்தப் போட்டுக் குடுத்தே?" என்றார்கள். அவர்கள் பேச்சே அப்படித்தான், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. "வெளிய என்னமோ சாப்பிட்டுட்டாங்க மதினி" என்றேன். "அவனுக்கு வாயைக் கட்டத் தெரியாதே, நீ பாவம் என்ன பண்ணுவே" என்று என்னைத் தேற்றினார்கள். 

விடிந்ததும் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வாந்தி கொஞ்சம் மட்டுப்பட்டிருந்தது. ஆனால் தண்ணீர் வற்றிக் கிட்னி கொஞ்சம் அடி வாங்கியிருக்கிறது, சர்க்கரை உள்ள உடம்பு, பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசல் மூலையில் நாங்கள் போட்டது போட்டபடி அந்த முதுகுப் பை கிடந்தது. ஒரு மாதிரி நாற்றம் வந்தது. கல்லையெல்லாம் வெளியே எடுத்து வைத்தேன். இரண்டு தட்டைக் கல் ஒட்டிக்கொண்ட மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேல் கல்லைப் பிரித்தேன். நடுவில் நசுங்கிய ஒரு காளான் குடை. அதைச் சுரண்டி எடுத்ததும் கீழ்க் கல்லில் ஓர் உருவம் தெரிந்தது.

நடுவிலிருந்து வெளியே போகிற மெல்லிய கோடுகள். ஒரு கோடு தவறாமல், சீப்பால் வாரின மாதிரி. பாசி நிறத்தில், பாதி வட்டமாக, விசிறி விரித்த மாதிரி.  கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருஷம் சுமந்தாரே, கடைசியில் கிடைத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னால் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று ஒரு நொடி சந்தோஷத்தில் குளிர்ந்துபோனேன்.

விரலால் தடவினேன். விரலில் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. பச்சை மாவு.

புற்றுக்காளானிலிருந்து ஒருநாளும் பச்சை உதிராது. முற்றின நாய்க்குடையின் அடியில் இறங்குகிற பச்சை அது. பங்களா முற்றத்தில் வேர் வராமல் என் கைக்கு வந்ததே, அதுதான் ராத்திரி முழுக்க இரண்டு கல்லுக்கு நடுவில் படுத்துக்கொண்டு, தன் அடிக்கோட்டையெல்லாம் அச்சடித்து வைத்திருக்கிறது. அதன் கூட்டாளிகளைத்தான் அவருக்கு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டிருக்கிறேன்.

வாளித் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. ஒரு சொம்பு ஊற்றினால் போதும், ஒன்றும் இருந்திருக்காது. சொம்பைக் கையில் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் டாக்டர் சொன்ன காரணம் நினைவுக்கு வந்தது. ரத்தத்தில் வேறு சிலது பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால்? சொம்பை வைத்துவிட்டேன். பெரிய டிபன் டப்பாவுக்குள் கல்லை, கோடு கலையாமல், படுக்கை வசமாக வைத்து மூடி, மாற்றுத் துணியை மறந்துவிட்டு ஜீப் ஏறினேன்.

டாக்டர் மேஜையில் டப்பாவைத் திறந்து வைத்தேன். நேற்று சொன்னது பொய், காட்டில் நான்தான் பறித்தேன், நான்தான் சமைத்தேன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வாந்தி வந்தது என்று கேட்டார். மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். சாயங்காலம் கூப்பிட்டு, இது வயிற்றைக் கலக்கும் வகைதான், ஈரலைத் தின்னும் வகை வேறு, அது மறுநாள்தான் வேலையைக் காட்டும், உங்கள் நல்ல நேரம் என்றார். கடைசியில் மட்டும், "இதை நேற்றே சொல்லியிருக்கலாம் சேச்சி" என்றார். அவ்வளவுதான்.

டப்பாவோடு வார்டுக்குள் போனேன். தலையணையில் சாய்ந்திருந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்த முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அம்மிணி… ஃபாசிலா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இருந்தாலும் சொன்னேன். பங்களா முற்றம், வேர் வராதது, திருப்பிப் பார்த்தது, வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த கட்டில்காரியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்கட்டும். அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடு எத்தனை நேர்த்தியா உளுந்திருக்குது பாரு" என்றார்.

"நேத்து நான் பொய் சொன்னேம்லா. நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"பாக்கெட்டுக் காளானுன்னு நீ சொன்னப்பவே எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. நம்ம ஊட்டுல என்னிக்கு அதெல்லாம் வாங்குனோம்?"

"பின்னே ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவீன்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அப்புறம் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

சில நாட்களில் வீட்டுக்கு வந்தோம். கிட்னி மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தது. கல்லை அவர் நத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் எடுத்து எறியப் போனால் விடமாட்டேன் என்றார். ஈரக் காற்றில் அந்தக் கோடு தானாகவே மங்கி, வருஷத்துக்குள் ஒரு கறை மாதிரி ஆகிவிட்டது. என் வாசலுக்குக் காளானோடு வருகிறவர்களிடம், எனக்குத் தெரியாது, என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். சிலர் நம்பவில்லை. அடுத்த கட்டில்காரி மட்டும் வரவே இல்லை. மதினிக்கும் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, "சரி, இனி அந்தப் பக்கமே போகாதீங்க ரெண்டு பேரும்" என்றார்கள்.

அடுத்த வருஷத்துத் துலாமழையை நான் வீட்டிலேயே உட்கார்ந்து கழித்தேன். இடி இடித்தால் மெஷினை வேகமாக மிதிப்பேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வருஷம் ஒரு சனிக்கிழமை நன்றாக இடித்தது. மறுநாள் விடியற்காலையில் அவர் எனக்கு முன்பே எழுந்து, முதுகுப் பையையும் என் துணிப்பையையும் எடுத்து வாசலில் வைத்திருந்தார்.

"கல்லு என் பையில, காளான் உன் பையில. மழை வந்தாலும் கொட்டறதில்ல. வா போலாம்" என்றார்.

போனோம். பங்களா மேட்டுக்கு நான் போகவே இல்லை. தேயிலைக் காட்டுப் புற்றடியில் மட்டும், ஒரு கையளவு பறித்தேன். ஒவ்வொன்றும் வேரோடு வந்தது. வீட்டில் முறத்தில் பரப்பி, வெளிச்சத்தில் வைத்து, வளையம் உண்டா, நிறம் உண்டா என்று கண் வலிக்கிற வரை பார்த்தேன். விரதம் ஒன்றும் இல்லாத நாள். பழையபடி வெங்காயம், மிளகு, தேங்காய். தட்டில் சோறு போட்டு நான் முதலில் சாப்பிட்டேன். அவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருக்குதா?"

"நல்லாத்தான் இருக்கு."

இப்போது கை நீளும் என்று சட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். எத்தனையோ வருஷமாகத் திட்டத் திட்டக் கேட்காமல் சட்டிக்குள் போன கை. அது ரசக் கிண்ணத்தை எடுத்தது.

"நான் சாயங்காலமாத் தின்னுக்கறேன் அம்மிணி. உங்க ஊட்டுச் சட்டம் இருக்குதல்ல?" என்று சிரித்தார்.

சரிதான். ஒவ்வொரு வருஷமும் நான் அவரிடம் கேட்டது இதைத்தானே? அதில் ஒரு சொல் குறை சொல்ல எனக்கு இடமில்லை. நானும் சிரித்துவிட்டு அப்பளம் எடுத்துப் போட்டேன். சட்டியை மூடி வைத்தேன்.

மத்தியானம் அவர் படுக்கவில்லை. கல்லைக் கழுவவும் போகவில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு என் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் நிமிரும்போதெல்லாம் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் பண்ணலையே?" என்று இரண்டு தரம் கேட்டார். தனக்காகப் பார்த்தாரா, எனக்காகப் பயந்தாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

சாயங்காலம் சட்டியைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தேன். "போடு" என்று தட்டை நீட்டினார். அகப்பையில் அள்ளியதை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். அதை அவர் பார்த்தார். பார்க்காத மாதிரி குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.